புதிய லெப்டொப்பில் பழைய விண்டோஸ்: மூன்று வாரத்தில் நான் கற்ற பாடம்

வியாபாரிகளாகிய எமக்குப் பழகிய பொருளை மாற்றுவதென்றால் மனம் இலேசில் வராது. இருபது வருடம் உழைத்த தராசு, கைக்குப் பழகிய கல்குலேட்டர், கடையோடு வயதாகிப்போன கணக்கப்பிள்ளை என்று எல்லாவற்றோடும் ஓர் ஒட்டுதல் இருக்கும். கடைக் கொம்பியூட்டரில் ஓடும் பழைய கணக்குப் புரோகிராமும் அப்படித்தான். கொம்பியூட்டர் பழுதானால் புதியது வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் புதியதில் பழைய புரோகிராம் ஓடாது என்று தெரிந்தவுடன், "பரவாயில்லை, பழைய விண்டோஸையே இதில் போட்டுவிடுவோம்" என்று நினைக்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் மூன்று வாரம் வீணானது. ஒரு நல்ல மனிதரிடம் வெட்கப்படவும் நேர்ந்தது. அந்த அனுபவம் மற்ற வியாபாரச் சகோதரர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கடையில் நடந்தது

புறக்கோட்டையில் எனக்கு ஒரு சிறிய மொத்த வியாபாரக் கடை உண்டு. வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதே எமது பிரதான தொழில். புத்தளம், மாவனல்லை, அக்கரைப்பற்று, மூதூர் என்று எண்பதுக்கும் மேற்பட்ட கடைகளின் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இதற்காக 1998ஆம் ஆண்டு ஊர்ப் பிள்ளை ஒருவர் ஃபொக்ஸ்புரோவில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதித் தந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அழகு ஒன்றுமில்லை. ஆனால் கடைக்காரரின் பெயரைத் தட்டினால் நிலுவை ஒரு நொடியில் வந்து நிற்கும். எழுதித் தந்த பிள்ளை பின்னர் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். புரோகிராம் மட்டும் எம்மோடு தங்கிவிட்டது.

2006இல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில்தான் அது கடைசிவரை ஓடியது. நோன்புக்கு ஒரு மாதமும் சில நாட்களும் இருக்கும்போது ஒரு காலையில் அந்தக் கொம்பியூட்டர் எழும்பவில்லை. திறந்து பார்த்தால் மதர்போர்டில் கெப்பசிட்டர்கள் ஊதிப்போயிருந்தன. நோன்புக்கு முந்திய மாதம் எமக்கு எப்படிப்பட்டதென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வசூல் அப்போதுதான். பெருநாள் சரக்குக்குப் பணம் புரள வேண்டும். ஸகாத் கணக்குப் பார்ப்பதற்கும் இருப்பும் கடனும் தெரிந்தாக வேண்டும்.

அன்றைக்கே விண்டோஸ் 11 உள்ள ஒரு புதிய லெப்டொப் வாங்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, புரோகிராம் இருந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொண்டேன். லெப்டொப்பில் போட்டுத் திறந்தபோது, இது உங்கள் கணினியில் இயங்காது என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றது.

நான் கவலைப்படவில்லை. ஏனெனில் 2008இல் எனக்கு இதே பிரச்சினை வந்திருந்தது. அப்போது வாங்கிய லெப்டொப்பில் விஸ்டா இருந்தது. அதை அழித்துவிட்டு எக்ஸ்பி போட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது. ஆகவே புதிய லெப்டொப்பையும் திருத்துமிடம் ஒன்றில் கொடுத்து எக்ஸ்பி போடச் சொன்னேன். "நாளைக்குத் தாறேன் ஹாஜியார்" என்றார்கள். நாளை என்பது ஒரு வாரமானது. பின்னர் இன்னொரு வாரமானது. கடைசியில் லெப்டொப் திரும்பி வந்தபோது அதில் எக்ஸ்பியும் இல்லை, விண்டோஸ் 11உம் இல்லை. டிஸ்க்கை அழித்து முறையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்; ஒன்றும் சரிவரவில்லை.

2008இல் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

திருத்துபவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. பழைய விண்டோஸ் ஏறாததற்குத் தக்க காரணங்கள் உண்டு. விண்டோஸ் ஒவ்வொன்றும் அது வெளிவந்த காலத்தின் இயந்திரங்களை மட்டுமே அறியும். எக்ஸ்பி வெளிவந்தது 2001 ஒக்டோபரில். அதற்குப் பின்னர் வந்த பாகங்களை அதற்கு அறிமுகப்படுத்த டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். அந்த டிரைவரை லெப்டொப் தயாரிப்பாளர் எழுதித் தராவிட்டால் வேறு வழியில்லை.

2007, 2008 காலத்து லெப்டொப்களில் வந்த புதிய வகை சாட்டா டிஸ்க் இணைப்பை எக்ஸ்பி சீடீ அறியாது. பாதி வழியில் நீலத் திரை வந்து, 7பீ என்று முடியும் இலக்கத்தைக் காட்டி நின்றுவிடும். ஆனால் பயோஸினுள் போய் டிஸ்க்கைப் பழைய ஐ.டி.ஈ முறைக்கு மாற்றினால் பல லெப்டொப்களில் எக்ஸ்பி ஏறிவிடும். எனக்கு அன்று வேலை செய்தது இந்த உபாயம்தான். இன்றைய லெப்டொப்களில் நிலைமை வேறு.

முதலாவது, கொம்பியூட்டரைத் தொடக்கி வைக்கும் பழைய பயோஸின் இடத்தை யு.ஈ.எஃப்.ஐ என்ற புதிய முறை எடுத்துவிட்டது. சில காலம் பழைய முறையையும் சேர்த்தே கொடுத்து வந்தார்கள். இப்போது பல லெப்டொப்களில் அதை நீக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட லெப்டொப்பில் எக்ஸ்பி பென் டிரைவைச் செருகினால், தொடங்கக்கூடியவற்றின் பட்டியலில் அதன் பெயரே வராது. எனது லெப்டொப்பில் நடந்தது இதுதான்.

இரண்டாவது, டிஸ்க். இன்றைய லெப்டொப்களில் பெரும்பாலும் இருப்பது என்.வி.எம்.ஈ என்ற வகை. எக்ஸ்பிக்கும் சரி, விண்டோஸ் 7இன் மூல சீடீக்கும் சரி, அதற்கான டிரைவர் கிடையாது. "டிஸ்க் எதுவும் காணப்படவில்லை" என்றுதான் வரும். அத்துடன் டிஸ்க்கைப் பிரிக்கும் முறையும் ஜி.பி.டி என்று மாறிவிட்டது. அவ்வாறு பிரித்த டிஸ்க்கிலிருந்து எக்ஸ்பியால் தொடங்க இயலாது.

மூன்றாவது, யு.எஸ்.பி. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009இல். யு.எஸ்.பி 3 துளைகளை அது தானாக அறியாது. 2012இல் வந்த விண்டோஸ் 8தான் முதலில் அறிந்தது. எனவே விண்டோஸ் 7ஐ ஏற்றும்போது பென் டிரைவும் மவுஸும் பாதி வழியில் செயலிழந்துவிடும். பழைய பயோஸ் முறை இல்லாத லெப்டொப் என்றால், விண்டோஸின் சின்னம் தோன்றும் இடத்திலேயே அது உறைந்து நின்றுவிடுவதும் உண்டு.

நான்காவது, எப்படியோ ஏற்றிவிட்டோம் என்று வைத்துக் கொள்வோம். வைஃபை வேலை செய்யாது, சத்தம் வராது, திரை மங்கலாகத் தெரியும். 2016 ஜனவரியில் மைக்ரோசொப்ட் ஓர் அறிவித்தல் விடுத்தது. அதற்குப் பின்னர் வரும் புதிய ப்ரொசசர்களுக்கு அன்றைய புதிய விண்டோஸில் மட்டுமே ஆதரவு கிடைக்கும் என்றது அது. தயாரிப்பாளர்களும் பழைய விண்டோஸுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திக் கொண்டார்கள்.

காலம் முடிந்த விண்டோஸ்

ஏறினாலும் ஏற்றக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்தது என்றால் கொம்பியூட்டர் நின்றுவிடும் என்பதல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி யாரும் அடைக்க மாட்டார்கள் என்பதே பொருள்.

2017 மே மாதம் வன்னக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பணம் கேட்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அடைப்பு இரண்டு மாதத்துக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தும், அதைப் போடாதவர்கள் அகப்பட்டுக் கொண்டார்கள். வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் பார்க்கும் அதே லெப்டொப்பில் காலம் முடிந்த விண்டோஸை வைத்திருப்பது, கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் கடையை விட்டுப் போவது போன்றதாகும்.

"மாமா, ஒங்களுக்கு வேண்டியது எக்ஸ்பியா, கணக்கா?"

லெப்டொப் வெறுமையாகத் திரும்பி வந்த அந்த நாட்களில் நான் நினைவிலிருந்தே வசூலுக்குக் கதைக்கத் தொடங்கினேன். மாவனல்லைச் சகோதரர் ஒருவருக்குப் போன் எடுத்து, பழைய பாக்கியை நோன்புக்கு முன்னர் தந்துவிடும்படி கேட்டேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஹாஜியார், அதை நான் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தியே கட்டிட்டேனே. ஒங்கட ரசீதும் இரிக்கி" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்று இரவு பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனது சகோதரியின் மகன் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேலே தலைப்பாகப் போட்டிருக்கும் கேள்வியைத்தான் கேட்டார். நான், "கணக்குத்தான்" என்றேன். பென் டிரைவைக் கேட்டார். மூன்று வாரமாக அது எனது சட்டைப் பையிலேயே இருந்தது.

தனது லெப்டொப்பில் அதைப் போட்டு, ஃபோல்டரினுள் டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளைக் காட்டினார். ஃபொக்ஸ்புரோ, கிளிப்பர், டிபேஸ் போன்றவற்றில் எழுதிய பழைய புரோகிராம்களின் தகவல்கள் இந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் பிரதி எடுத்துக் கொண்டு, எக்ஸலைத் திறந்து, கோப்பு வகையில் டிபேஸ் என்பதைத் தெரிவுசெய்து திறந்தார். எண்பது கடைகளின் பெயரும், திகதியும், தொகையும் வரிசை வரிசையாக வந்து நின்றன. மாவனல்லைச் சகோதரர் சொன்ன பணம், சொன்ன காலத்தில், சரியாகப் பதிவாகியிருந்தது.

பத்து நிமிட வேலை அது. எக்ஸ்பி வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் கையிலிருந்த கணக்கை நான் பார்க்கவில்லை.

எந்தப் புரோகிராமுக்கு எந்த வழி?

பின்னர் அவரோடு உட்கார்ந்து நான் கற்றுக் கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் பழைய புரோகிராம் எந்த வகை என்பதைப் பொறுத்தே வழியும் அமையும்.

1. கறுப்புத் திரை டொஸ் புரோகிராம்கள். இவை 16 பிட் என்ற பழைய அமைப்பைச் சேர்ந்தவை. 32 பிட் விண்டோஸ் இவற்றை ஓட்டும். 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே உண்டு. ஆனால் இதற்காக எக்ஸ்பி தேவையில்லை. விண்டோஸ் 11இனுள்ளேயே டொஸ் சூழலைப் பாவனை செய்து காட்டும் மென்பொருட்கள் இருக்கின்றன. டொஸ்பொக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது விளையாட்டுகளை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டது. வீடொஸ் என்பது கணக்கு, பில் போன்ற தொழில் புரோகிராம்களுக்கென்றே செய்யப்பட்டது. பிரிண்ட் எடுக்கவும் வழி உண்டு. எனது 1998ஆம் ஆண்டுப் புரோகிராம் இப்போது இதில்தான் ஓடுகிறது.

2. எக்ஸ்பி காலத்து விண்டோஸ் புரோகிராம்கள். விஷுவல் பேசிக் 6 போன்றவற்றில் எழுதிய 32 பிட் புரோகிராம்களில் பல விண்டோஸ் 11இலும் ஓடும். முதலில் போட்டுப் பாருங்கள். அடம்பிடித்தால், அதன் ஐகன் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ப்ரொப்பர்ட்டீஸில் கொம்பட்டிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய், பழைய விண்டோஸ் ஒன்றைத் தெரிவுசெய்து மீண்டும் முயற்சியுங்கள். பலருக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படாது.

3. எதற்கும் மசியாத புரோகிராம்கள். இவற்றுக்குத்தான் உண்மையில் எக்ஸ்பி வேண்டும். அப்போதும் லெப்டொப்பை அழிக்க வேண்டியதில்லை. பெரிய கடையினுள் ஒரு மூலையைச் சிறு வியாபாரிக்கு ஒதுக்கிக் கொடுப்பதில்லையா? அதுபோல விண்டோஸ் 11இனுள் ஒரு போலிக் கொம்பியூட்டரை உருவாக்கி, அதில் எக்ஸ்பியை ஏற்றலாம். இதனை வேர்ச்சுவல் மெஷின் என்பார்கள். போலிக் கொம்பியூட்டர் பழைய கால இயந்திரம் போலவே நடந்து கொள்வதால் எக்ஸ்பிக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு ஜி.பி. மெமரியும் இருபது ஜி.பி. இடமும் ஒதுக்கினால் தாராளம். ஒரக்கிள் நிறுவனத்தின் வேர்ச்சுவல் பொக்ஸ் இதற்குப் பிரபலமானது. அதன் அடிப்படைத் தொகுதி இலவசம், வியாபாரத்திலும் பாவிக்கலாம். ஆனால் எக்ஸ்டென்ஷன் பெக் என்ற மேலதிகத் தொகுதியை வியாபாரத்தில் பாவிப்பதற்குப் பணம் கட்ட வேண்டும். அதைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். முக்கியமாக, உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இணையத் தொடர்பைக் கொடுக்காதீர்கள். நெட்வேர்க் அடப்டரை அணைத்து வையுங்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. அந்தப் போலிக் கொம்பியூட்டர் முழுவதும் ஓரிரு கோப்புகளாகவே டிஸ்க்கில் இருக்கும். அவற்றைப் பிரதி எடுத்து வைத்தால், நாளை லெப்டொப் உடைந்தாலும் இன்னொன்றில் அப்படியே திறந்து கொள்ளலாம்.

டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்

மூன்று பிரதி பில் அடிப்பதற்கு டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரை இன்னும் வைத்திருப்பவர்கள் அதிகம். புதிய லெப்டொப்களில் அதற்குரிய அகலமான பெரலல் துளை இல்லை. யு.எஸ்.பி மாற்றிக் கேபிள் கடைகளில் கிடைக்கும். ஆனால் டொஸ் புரோகிராம் அதை நேரடியாகக் காணாது. விண்டோஸில் முதலில் பிரிண்டரைச் சரியாக நிறுவி, பின்னர் வீடொஸில் அந்தப் பிரிண்டருக்கு அனுப்பும்படி அமைக்க வேண்டும். புதிய பிரிண்டர் வாங்குவதானால் யு.எஸ்.பி துளையும் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். எப்சன் எல்எக்ஸ் 310 போன்றவற்றில் இரண்டு துளைகளும் இருக்கின்றன.

உரிமை விடயம்

பழைய விண்டோஸ் சீடீ ஒன்றை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸின் உரிமை அந்தக் கொம்பியூட்டருக்கு மட்டுமே உரியது. வேறொன்றுக்கு மாற்ற முடியாது. பெட்டியில் தனியாக விலை கொடுத்து வாங்கியதை மாற்றிக் கொள்ளலாம். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருட்களையும் பாதுகாக்கின்றது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, பதிப்புரிமை, கண்டுபிடிப்பு, வியாபாரப் பெயர் ஆகியவை உரியவரின் சொத்துரிமைகளே என்றும் அவற்றை மீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. ஹலாலான வியாபாரத்தின் கணக்கை எழுதும் கருவியும் ஹலாலாக இருப்பதே நல்லது.

எனது லெப்டொப்பின் விண்டோஸ் 11 அழிந்துவிட்டதே என்று கவலைப்பட்டேன் அல்லவா? விண்டோஸோடு வரும் இன்றைய லெப்டொப்களில் உரிம இலக்கம் இயந்திரத்தினுள்ளேயே பதிந்து வருகின்றது. மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் 11ஐ இலவசமாக இறக்கி அதே வகைப் பதிப்பை ஏற்றியபோது, இலக்கம் எதுவும் கேட்காமலேயே உரிமம் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த நட்டம் இல்லாமல் போனது.

திருத்தக் கொடுக்குமுன்

* கணக்கு உள்ள ஃபோல்டரை முழுதாக இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூலக் கோப்பை ஒருபோதும் எக்ஸலில் திறக்காதீர்கள், பிரதியையே திறவுங்கள்.

* விண்டோஸ் 11 லெப்டொப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகின்றது. தொடக்க அமைப்பில் கை வைத்தால் 48 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்கும். அதை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் பார்த்து முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

* "எக்ஸ்பி போட்டுத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தப் புரோகிராம் ஓட வேண்டும், லெப்டொப்பில் உள்ளது அழியக்கூடாது" என்று கேளுங்கள்.

* பழைய கொம்பியூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அது நின்ற பிறகு செய்வது இரட்டை வேலை.

* புரோகிராமை எழுதியவர் இல்லையென்றால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் இன்னொன்றுக்கு மாறும் ஆயத்தத்தைத் தொடங்குங்கள். நானும் எக்ஸலில் எடுத்த கணக்கைக் கொண்டு புதிய புரோகிராம் ஒன்றுக்கு மாறி வருகிறேன். பழையதைப் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் சூரத்துல் பகரா 282ஆம் வசனம் எமக்குக் கட்டளையிடுகின்றது. எழுதினால் மட்டும் போதாது, தேவையான நேரத்தில் எடுத்துப் படிக்கவும் முடிய வேண்டும் என்பதை இந்த மூன்று வாரத்தில்தான் விளங்கிக் கொண்டேன். எனக்கு வர வேண்டியது மட்டுமல்ல, பிறர் எனக்குத் தந்து முடித்ததும் அந்த ஏட்டில்தான் இருக்கின்றது. நாளை நான் மௌத்தானால் எனது பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பேசப் போகிறார்கள்.

மறுநாள் காலை மாவனல்லைச் சகோதரருக்குப் போன் எடுத்து, கணக்குச் சரியென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, பெருநாள் சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். அந்த ஓடரைத்தான் புதிய லெப்டொப்பில் முதலாவதாகப் பதிந்தேன்.